வாயில்லாப் பாட்டுல இன்னா தெரிது?

1

நான் இங்க பாக்கற வேலை, நாற்காலி போடறது. சிரிக்கறவங்க சிரிச்சி முடிச்சிட்டு வாங்க, நான் இங்கியே நிக்கறேன்.

சிங்கப்பூரு வந்து ஆறு வருசம் முடிஞ்சி ஏழு நடக்குது. சங்கராபுரம் பக்கத்துல எங்க ஊர்ல போயிக் கேட்டீங்கன்னா, "எங்க கொளஞ்சி ஃபாரின்ல மியூசிக் லைன்ல இருக்கறான்"னு எங்கம்மா சொல்லும். அது பொய்யும் இல்ல. இங்க ஒரு பெரிய கச்சேரி ஹாலு இருக்குது. மேடையில தொண்ணூறு பேரு உக்காந்து வயலினு, கொழலு, கொம்பு, மேளம்னு எல்லாத்தையும் ஒண்ணா வாசிப்பாங்க. அந்தத் தொண்ணூறு பேரும் எது மேல உக்காருவாங்க? நான் போட்ட நாற்காலி மேல. நான் ஒரு நாள் லீவு போட்டா அத்தினி பேரும் பஸ் ஸ்டாண்டுல நிக்கற மாதிரி நின்னுக்கினு இருக்க வேண்டியதுதான்.

மொத நாளு ஒரு காயிதத்தக் குடுத்து, இது மாதிரி போடுன்னாங்க. அதுல வளைவு வளைவா கோடு. நான் எட்டாவதோட நின்னவன். கோட்டப் பாத்ததும் கணக்கு வாத்தியாரு ஞாபகம் வந்து பயந்துட்டேன். நமக்குத் தெரிஞ்ச மாதிரி நேரா வரிசையா போட்டு வெச்சேன், கல்யாணப் பந்தி போடற மாதிரி. நடுவுல சாம்பாரு வாளிக்காரன் போய்வர வழி கூட வுட்டிருந்தேன். சூப்பர்வைசரு வந்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. "கொளஞ்சி, சோறு எப்ப போடற?"ன்னாரு. அவரு மலேசியாத் தமிழரு. அதனால தப்பிச்சேன்.

பெர்மிட்டு புதுப்பிக்கப் போனா மிசினுல என் வெரலு ரேகை வுழ மாட்டேங்குது. கரும்பு வெட்டி வெட்டி எங்கப்பாவுக்குத் தேஞ்சிது, எனக்கு நாற்காலி தூக்கித் தேஞ்சிட்டுது. கவுண்டர்ல இருந்த பொண்ணு கைக்கு கிரீம் குடுத்து, தடவு, கழுவு, தொட, திருப்பி வையின்னு அர மணி நேரம் பாடு பட்டுது. பத்து வெரல்ல ஒம்பது கைய விரிச்சிட்டுது. கடசியில இடது கை சுண்டுவெரலு தான், ஆமாங்க, இவன் கொளஞ்சி தான்னு சாட்சி சொல்லிச்சி.

இதையெல்லாம் எழுத வந்தது வேற ஒண்ணுக்காக. வேலையச் சொல்லாம ஆரம்பிச்சா புரியாதேன்னு சொன்னேன்.

2

போன மாசம் ஒரு கச்சேரி. சினிமா மியூசிக் கச்சேரின்னாங்க. பாட்றவங்களுக்கு எத்தினி மைக்கு ஸ்டாண்டு வெக்கறதுன்னு கேட்டேன்.

"மைக்கு வேணாம். பாட ஆளே இல்ல"ன்னாரு சூப்பர்வைசரு.

"அப்ப பின்னாடி திரை கட்டிப் படம் போடுவாங்களா?"

"திரையும் கெடையாது."

படமும் இல்ல, பாட்டும் இல்ல. அப்பறம் அது இன்னா சினிமா? கொழம்பக் கீழ கொட்டிட்டு தாளிப்ப மட்டும் எலயில வெச்சா எப்டி இருக்கும்? அப்டித்தான் தோணிச்சி எனக்கு. பின்னணி மியூசிக் மட்டும், அதுவும் யாரு யாரு நாட்டுப் படத்துதோ. இதக் கேக்க ஜனம் டிக்கெட் வாங்கிக்கினு வருதாம்.

ரிகர்சல் அன்னிக்கி மேடைக்குப் பக்கத்துல திரை மறைவுல நின்னுக்கினு கேட்டேன். மொதல்ல ஒரே ஒரு கொழலு. அது தனியாவே கொஞ்ச தூரம் போவுது. யாரும் கூட வரல. அப்பால கீழ எங்கியோ ஒரு உறுமலு, இருக்குதா இல்லியான்னு தெரியாத மாதிரி. அப்பறம் முப்பது வயலினும் ஒரே கையா எழும்பிச்சி பாருங்க. எனக்குக் கை ரோமம் நின்னுக்கிச்சி. அது இன்னா படம், யாரு ஹீரோ, ஒண்ணுந் தெரியாது. ஆனா எனக்குள்ள ஒரு படம் ஓடுது. எங்கூரு மலயில கரியாலூரு போற ரோடு. கொண்டை ஊசி வளைவு. டயரு தேஞ்ச டிவிஎஸ்ல பின்னாடி ஆம்ப்ளிஃபயரக் கட்டிக்கினு நான் ஏறிக்கினு இருக்கறேன், மேலேந்து மேகம் எறங்கி வந்துக்கினு இருக்குது. வயலினு ஒசர ஒசர வண்டி ஏறுது.

டீ டைமுக்கு ஒரு சீன அங்கிளப் புடிச்சிக்கினேன். ஆளு ஒசரத்துக்கு ஒரு வயலின நிறுத்தி வெச்சிக்கினு, ஸ்டூலு மேல பாதி உக்காந்து பாதி நின்னு வாசிப்பாரு. அவரு ஸ்டூல கரெக்டா நான் தான் வெப்பேன், அதனால என்ன மதிப்பாரு. அவரு இங்கிலீசு அவரு பாட்டுக்குப் போவும், என் இங்கிலீசு என் பாட்டுக்குப் போவும், எங்கியோ ஒரு எடத்துல ரெண்டும் முட்டிக்கும். அத நான் நம்ம பாசையில சொல்றேன்.

"அங்கிள், இப்ப வாசிச்சீங்களே, அது படத்துல இன்னா சீனு? சண்டையா, லவ்வா, யாருனா செத்துட்டாங்களா?"

"தெரியாது."

"படம் பாக்கலியா?"

"இருவது வருசமா இத வாசிக்கறேன். படம் பாத்ததே இல்ல."

"ஏன் அங்கிள், டிவி இல்லியா வூட்ல?"

சிரிச்சாரு. "பாத்துட்டா அப்பறம் அது ஒண்ணுதான் தெரியும். இப்ப எனக்கு எங்கம்மா மார்க்கெட்லேந்து மீன் கூடையோட நடந்து வரா. நான் அவளுக்குத்தான் வாசிக்கறேன்."

"அப்ப தொண்ணூறு பேரும் ஆளுக்கு ஒரு படம் ஓட்டிக்கினு இருக்கறீங்களா?"

"எதிர்ல உக்காந்து கேக்கறவங்களையும் சேத்துக்கோ."

மத்த நாளா இருந்தா இதுக்கு ஒரு கிண்டலு வந்துருக்கும் எனக்கு. அன்னிக்கி வரல. ஏன்னா இந்த மாதிரி ஒரு வாயில்லாப் பாட்டால எங்கண்ணன் ஏழுமலை எங்கிட்ட ஏழு வருசமா பேசறதில்ல. அவன் கல்யாணத்துல நான் அதப் போட்டது வெளையாட்டுக்கு இல்லன்னு அவனுக்கு எப்டியாச்சும் சொல்லிடணும்னு ஏழு வருசமா எனக்கும் ஆச.

3

ஊர்ல நான் சவுண்டு சர்வீஸ்ல இருந்தேன். சங்கராபுரத்துல ஒருத்தரு கடை. மைக் செட்டு, சீரியல் லைட்டு. அவரு கீழ் நாட்டப் பாத்துக்குவாரு, கல்ராயன் மல மேல எந்த விசேசம்னாலும் என்ன அனுப்பிடுவாரு. மல மேல கொழா ஸ்பீக்கரு கட்டறது ஒரு சொகம். இந்த மேட்டுல போட்டா அந்த மேட்டுல கேக்கும். அங்க கொழாதான் பேப்பரு, கொழாதான் போனு. காலையில சாமி பாட்டு வந்தா கோயில்ல விசேசம். நாயனம் வந்தா கல்யாணம். சோகப் பாட்டு வந்தா ஜனம் கையில இருக்கற வேலைய வுட்டுட்டு, மால வாங்கிக்கினு கௌம்பிடும். யாரு செத்ததுன்னு வழியில விசாரிச்சிக்கும்.

மைக்கு கையில இருந்தா நான் சும்மா இருப்பனா? "தொலைந்து போன ஒரு மாப்பிள்ளை, பச்சை சட்டை, மாமியார் தேடுகிறார், உடனே சாப்பாட்டுப் பந்தலுக்கு வரவும்"னு சொல்லுவேன். பச்ச சட்டக்காரன் எவனாச்சும் ஒருத்தன் மொகம் வெளுத்துப் போயி வருவான். இப்டி எத்தினியோ. அதனால நான் எது பண்ணாலும் இவன் வெளையாட்றான்னுதான் ஊரு நெனைக்கும். இத ஞாபகம் வெச்சிக்கோங்க, கதையே இதுலதான் மாட்டிக்குது.

ஒரு தபா கள்ளக்குறிச்சியில மெமரி கார்டுல பாட்டு ஏத்தற கடைக்குப் போனேன். கல்யாண சீசன், எரநூறு பாட்டு ஏத்துன்னேன். அவன் கூட்டத்துல எதையோ அமுக்கிட்டான் போல. மல மேல போயி போட்டுப் பாத்தா ஒண்ணுல கூட பாடற ஆளக் காணம். எல்லாம் படத்தோட பின்னணி மியூசிக். இன்னும் ஆரம்பிக்கும், இன்னும் ஆரம்பிக்கும்னு ஜனம் காத்துக்கினு இருக்குது. "டேய் கொளஞ்சி, பாட்டு எப்படா வரும்? நாடகத்துக்கு மொத மணி அடிக்கற மாதிரியே அடிச்சிக்கினு இருக்கற"ன்னு ஒரு பெருசு கேட்டுச்சி.

அவனத் திட்டிக்கினே எறங்கி வந்தேன். ஆனா வழி பூரா இயர்போன்ல அதத்தான் கேட்டேன். பாட்டுன்னா வார்த்தை வந்து கையப் புடிச்சிக்கினு, இங்க வா, இது நெலா, இது மயிலு, இது அவ கண்ணுன்னு காட்டிக்கினு போவும். இது கையப் புடிக்கறதே இல்ல. கதவத் தொறந்து வுட்டுட்டு அது பாட்டுக்குப் போயிடுது. நம்ம இஷ்டம், எங்க வேணா போலாம். படத்துல இந்த மியூசிக் மேல வசனம் ஏறி உக்காந்துக்கும், ஆம்புலன்சு சத்தம் ஏறிக்கும். இங்க அது தனியா குளிச்சி முடிச்சி வந்து நிக்குது. உள்ள ஒரு சின்ன மணி அடிக்கறது கூடக் கேக்குது.

அதுல ஒண்ணு, கொழல்ல ஆரம்பிச்சி வயலின்ல ஏறிக்கினே போவும். ஆறு நிமிசம். எந்தப் படம்னு எனக்குத் தெரியாது. எனக்கு அதக் கேட்டா யாரோ முக்கியமான ஆளு வாசலுக்கு வரப்போறாங்கன்னு தோணும்.

4

எங்கண்ணன் கல்யாணம் எலவனாசூர்கோட்டை கோயில்ல. அண்ணி அஞ்சலைக்கு அந்த ஊருதான். காலையில தாலி கட்டிட்டு வேன்ல பொண்ணு மாப்பிள்ள எங்க வூட்டுக்கு வரணும். நான் கோயிலுக்குப் போவல. வூட்ல வேப்ப மரத்துல ரெண்டு கொழா கட்டிட்டு, ஆம்ப்ளிஃபயரோட பின்கட்டு ரூம்புல தயாரா இருக்கறேன். எல்லாரு கல்யாணத்துலியும் அதே நாயனந்தான். எங்கண்ணனுக்கு மட்டும் யாரும் கேக்காத ஒண்ணு போடணும். வேன் ஏரிக்கரையில திரும்பிச்சின்னு ஒரு பையன் கத்தனான். அந்த ஆறு நிமிசத்தப் போட்டேன்.

கொழலு போச்சி. வயலினு ஏறிச்சி. வேன் வாசல்ல வந்து நின்னுது. வெளிய லேசா பொம்பளைங்க அழற சத்தம். ஆகா, கொளஞ்சி, ஜனத்த உருக்கிட்டடான்னு நெனச்சிக்கினு சவுண்ட இன்னும் ஏத்தி வெச்சேன். அழுக ஜாஸ்தியாச்சி. நான் இன்னும் கொஞ்சம் ஏத்தனேன்.

மாமா ஒருத்தரு ஓடி வந்து ஒயரப் புடுங்கனாரு. "ஒனக்கு இன்னா பைத்தியமா? வெளிய வந்து பாருடா"ன்னாரு.

போயிப் பாத்தேன். எங்க பெரியப்பா அய்யாக்கண்ணு ரெண்டு மாசமா படுக்கையில. எங்கப்பா நாங்க சின்னதா இருக்கறப்பவே போய்ட்டாரு, எங்க ரெண்டு பேரையும் தூக்கி நிறுத்தனது அவருதான். கல்யாணம் பாக்கணும்னு கயித்துக் கட்டலோட வாசல்ல போட்டிருந்தோம். ஏரிக்கு அந்தாண்ட இருக்கற சொந்தக்காரங்களுக்கு கல்யாணம் கோயில்லன்னு தெரியும். அப்ப வூட்ல இன்னாத்துக்குக் கொழா? அதுவும் இந்த மியூசிக்? அது ஒரு படத்துல அப்பா சாவற சீனு. டிவியில பத்து தபா போட்டு, பத்து தபாவும் பொம்பளைங்க அழுத சீனு. எனக்குத்தான் தெரியாது. அவங்க பூ யாவாரம் பண்றவங்க, அய்யாக்கண்ணு போயிட்டாருன்னு முடிவு பண்ணி, வூட்ல கட்டி வெச்சிருந்த பெரிய ரோசா மாலயோட வந்துட்டாங்க. வரப்பு மேலியே ரெண்டு பொம்பளைங்க மாருல அடிச்சிக்கினு வந்துருக்குது.

நான் போறப்ப எல்லாரும் செல மாதிரி நிக்கறாங்க. மாலையப் புடிச்சிக்கினு இருக்கற சொந்தக்காரருக்கு அத எங்க வெக்கறதுன்னு தெரில. பெரியப்பா கட்டல்ல உக்காந்தாப்பல அவரப் பாக்கறாரு.

"எனக்குக் கொண்டாந்தது தான? குடு இங்க. இன்னா முழிக்கற?"

"இல்ல மாமா... தப்பா..."

"செத்தப்பறம் போட்டா எனக்கு இன்னா தெரியப் போவுது? இப்பப் போடு, எப்டி இருக்குதுன்னு பாக்கறேன்."

போட்டுக்கினாரு. பொண்ணு மாப்பிள்ள மாலையவுட அது பெருசு. சாயங்காலம் வரிக்கும் கயட்டல. அழுதவங்களுக்குத்தான் மொதல்ல எல போட்டோம்.

ஊரே சிரிச்சிது. எங்கண்ணன் மட்டும் சிரிக்கல.

5

பதினோராம் நாளு பெரியப்பா நெசமாவே போய்ட்டாரு.

நான் கொழாவத் தூக்கிக்கினு மரத்துல ஏறப் போனேன். அண்ணன் கீழ வந்து நின்னான். எங்கிட்ட சொல்லல, பக்கத்துல இருந்த ஆளப் பாத்து சொன்னான். "ரேடியோ வேணாம். அவன் கை படக்கூடாது." அவ்ளோதான். அதுக்கப்பறம் எங்கிட்ட ஒரு வார்த்த இல்ல. பேச வேண்டியது இருந்தா, "அவங்கிட்ட சொல்லு"ன்னு நடுவுல ஒருத்தர வெச்சிக்குவான். நான் ஒரடி தூரத்துல நிப்பேன். "ண்ணா, நான் வெளையாட்டுக்குப் போடல. நெசமா எனக்குப் படமே தெரியாது"ன்னேன். எவன் நம்புவான்? பச்ச சட்டக்காரன் கூட நம்பல.

அடுத்த வருசம் நான் சிங்கப்பூரு கௌம்பறப்ப கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வரிக்கும் வந்தான். என் பொட்டியத் தூக்கி பஸ்ஸுல வெச்சான். எறங்கிப் போய்ட்டான். பஸ்ஸு நகர்ற வரிக்கும் டீக்கடையில முதுகக் காட்டிக்கினு நின்னுக்கினு இருந்தான்.

இப்ப அண்ணனுக்கு அஞ்சி வயசுல பொண்ணு. என்ன அது நேர்ல பாத்ததில்ல. ரெண்டு தபா லீவுல போவ இருந்து, ரெண்டு தபாவும் ஒண்ணு இல்ல ஒண்ணு வந்து நின்னுபோச்சி. வீடியோ கால்ல என்னப் பாத்தா, "அம்மா, செல்லுக்குள்ள இருக்கற சித்தப்பா கூப்புடுது"ன்னு கத்தும். ஒரு நாளு, "சித்தப்பா, நீ செல்லுக்குள்ள எங்க தூங்குவ?"ன்னு கேட்டுச்சி. சார்ஜரு மேலன்னு சொன்னேன். நம்பிட்டுது. சிரிச்சிட்டு போன வெச்சேன். வெச்சப்பறம் சிரிப்பு வரல.

6

அங்கிளு சொன்னது மண்டையிலியே நின்னுது. படம் பாத்தவனுக்கு ஒரு படம், பாக்காதவனுக்கு ஆளுக்கு ஒரு படமா? நெசமா? பாத்துடுவோம்னு ஞாயித்துக்கெழம மத்தியானம் எங்க ரூம்புல எறங்கிட்டேன். பிரியாணி துன்னுட்டு எல்லாம் மல்லாந்து கெடக்கற நேரம். எழுந்து ஓட முடியாது.

மொதல்ல ரஃபீக். வங்காளதேசத்து ஆளு, நாலு வருசமா எனக்கு மேல் கட்டலு. அந்த ஆறு நிமிசத்தக் காதுல மாட்டி வுட்டு, கண்ண மூடு, இன்னா தெரியுதுன்னு மட்டும் சொல்லுன்னேன். நம்ம படம் எதுவும் அவன் பாத்ததில்ல. ரெண்டு நிமிசம் கேட்டான். அப்பறம் மெதுவா சொன்னான். "படகு. எங்கூரு ஆறு. நான் படகுல போறேன். கரையில எந்தம்பி நிக்கறான், சின்னதாயிக்கினே போறான். கை ஆட்டறான்."

"யாருனா சாவறாங்களா?"

"ஏன் சாவணும்? நான் வேலைக்குத்தான் போறேன்"னான். கோவமா பாத்தான்.

அடுத்து பாலு, தஞ்சாவூரு பக்கம். அவன் டிப்ளமா படிச்சவன், அந்தப் படம் பாத்தவன். மூணாவது செகண்டுலியே புடுங்கிப் போட்டான். "டேய் இது அந்த அப்பா சாவற சீனுடா. துன்னது செரிக்க வேணாமா?"

சூப்பர்வைசருக்கு மறுநாளு போட்டுக் காட்டனேன். அவரும் படம் பாக்கல. "நான் படிச்ச எஸ்டேட்டு ஸ்கூலு. மணி அடிக்கப் போவுது, இன்னும் அடிக்கல"ன்னாரு. "சரி சரி, எட்டு நாற்காலி கம்மியா இருக்குது, போ."

எனக்கு சந்தோசம் தாங்கல. பாத்தீங்களா, மியூசிக்குல சாவு இல்ல. படத்துக்காரன்தான் கொண்டாந்து ஒட்ட வெச்சிருக்கறான்.

ஆனா ஒண்ண மறைக்காம சொல்லணும். இங்க வந்தப்பறம் நான் அந்தப் படத்தப் பாத்தேன். பாக்காமலே இருந்துருக்கலாம். அதுக்கப்பறம் ஆறு மாசம், கொழலு ஆரம்பிச்சா அந்த நடிகரு மொகம்தான் வருது. எனக்குன்னு வந்துக்கினு இருந்த வாசலு காணாம போச்சி. திருப்பித் திருப்பிக் கேட்டேன், பஸ்ஸுல, வரிசையில நிக்கறப்ப, சோறு பொங்கறப்ப. கொஞ்சங் கொஞ்சமா அந்த மொகம் சாயம் போன துணி மாதிரி வெளுத்து, ஒரு நாளு வாசலு திரும்பி வந்துச்சி. அப்ப ஒட்டினது பிரியுமா பிரியாதா? கேட்டுக் கேட்டுப் பிரிச்சிக்கலாம். ஆனா கேக்கவே மாட்டேன்னு இருக்கறவனுக்கு எப்டிப் பிரியும்? எங்கண்ணன் அந்தப் பாட்டு டிவியில வந்தாலே எழுந்து போயிடறானாம். அண்ணி சொல்லிச்சி.

7

இந்த மாசம் அவங்க கல்யாண நாளு. அண்ணிக்குத்தான் வாய்ஸ் மெசேஜு போட்டேன். ரஃபீக்கு படகு, சூப்பர்வைசரு மணி, அங்கிளோட அம்மா மீன் கூடை, எல்லாத்தையும் சொன்னேன். "அண்ணிங்க, இதுல சாவே இல்லீங்க. நான் கேலிக்குப் போடலீங்க. அண்ணனுக்குன்னு தேடி எடுத்து வெச்சது. ஒரே ஒரு தபா அவனக் கேக்கச் சொல்லுங்க"ன்னு சொல்லி, அந்த மியூசிக்கையும் அனுப்பனேன்.

சித்த நேரத்துல அண்ணி போன் பண்ணிச்சி.

"நானும் கேட்டேன் கொளஞ்சி."

"ஒங்களுக்கு இன்னா தெரிஞ்சிதுங்க?"

"இன்னா தெரியும்? அன்னிக்கி வேன்லேந்து எறங்கறப்ப என் பொடவ கொசுவம் அவுந்துபோச்சி. ஒரு கையில அதப் புடிச்சிக்கினு நின்னேன். ஊரே அழுவுது, எனக்கு இன்னாத்துக்குன்னு தெரில, சரி நம்ம கொசுவத்துக்குத்தான் போலன்னு நெனச்சேன். இப்பவும் அதக் கேட்டா கை இடுப்புக்குத்தான் போவுது."

"அண்ணன் கேட்டானா?"

அண்ணி கொரலு எறங்கிச்சி. "நீ சொன்னத ஸ்பீக்கர்ல போட்டேன். ஒங்கண்ணன் கைய கட்டிக்கினு கேட்டுது. அப்பறம் மியூசிக்கப் போட்டேன். கொஞ்ச நேரம் நின்னுச்சி. பாதியில வண்டிய எடுத்துக்கினு போயிட்டுது. எங்க போச்சோ தெரில."

சரி, இருந்த பொட்டி தூக்கற ஒறவும் போச்சின்னு நெனச்சிக்கினேன்.

மறுநாளு சாப்பாட்டு டைமு. போன்ல ஒரு வாய்ஸ் மெசேஜு. அண்ணனோட நம்பரு. கைய நல்லா தொடச்சிக்கினு அமுக்கனேன். மொதல்ல காத்து சத்தம்தான் கேட்டுச்சி. அப்பறம் அண்ணன்.

"கொளஞ்சி. நான் தான். அந்தப் படத்த நானும் பாக்கல. நான் எங்கடா படம் பாத்தேன்? நீ சாவு மியூசிக் போட்டன்னு ஊருதான் சொல்லிச்சி. நான் இல்லன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல. நீ உள்ள ரூம்புல இருந்த, நீ பாக்கல. நான் வேன்லேந்து கால கீழ வெக்கறேன். ஒன் பாட்டு அப்டியே மேல ஏறிச்சி. பெரியப்பா கட்டல்லேந்து ஏந்திரிச்சிட்டாரு. ரெண்டு மாசமா நீயும் நானும் தூக்கித்தான உக்கார வெப்போம்? யாரும் புடிக்கலடா. நாலு எட்டு நடந்து வந்தாரு. என் கன்னத்தத் தொட்டாரு. அப்பறம் திரும்பிப் போயி உக்காந்துக்கினாரு. அதுக்குள்ள அந்த ஜனம் அழுதுக்கினு வந்துட்டுது, எல்லாரும் அந்தாண்ட பாத்துட்டாங்க. அவரு நடந்தத யாரும் பாக்கல. ஒங்கண்ணி கூட பாக்கல, அவ கொசுவத்தப் பாத்துக்கினு இருந்தா. சொன்னா நம்ப மாட்டாங்கன்னு நான் யாருகிட்டயும் சொல்லல. அதக் கேட்டா அவரு நடந்து வராரு. ஒன்னப் பாத்தாலும் அதான் ஓடுது. இன்னா பேசச் சொல்ற?"

கொஞ்ச நேரம் மறுபடியும் காத்து. மல ரோட்டுல எங்கியோ வண்டிய நிறுத்திக்கினு பேசறான் போல.

"அன்னிக்கி ஒயரப் புடுங்கிட்டாங்க. நேத்தும் நான் பாதியில கௌம்பிட்டேன். அது எப்டிடா முடியுது?"

ஏழு வருசம் கழிச்சி எங்கிட்ட கேக்கற மொத கேள்வி. பதில வாயால சொல்லிப் பாத்தேன், மெசேஜுல. வயலினு எறங்கும்ண்ணா, கொழலு திருப்பி வரும்ண்ணா, அப்பறம் இப்டி... எப்டி? மூணு தபா அழிச்சிட்டேன். போனப் போட்டேன். மொத மணியிலியே எடுத்தான். "ண்ணா, கேளு"ன்னு மட்டும் சொல்லிட்டு, பாலு போன வாங்கி அதுல மியூசிக்க ஓடவுட்டு என் போனுகிட்ட புடிச்சிக்கினேன். ஆறு நிமிசம். அந்தப் பக்கம் மூச்சு வுடற சத்தம் மட்டும் வருது.

முடிஞ்சிது.

"டேய்"னான். "கடசியில மழ பேயிதுடா."

இத்தினி வருசமா கேக்கறேன். எனக்கு அதுல மழ வந்ததே இல்ல.

"எங்கண்ணா?"

"கடசியில. அவரு போயி உக்காந்தப்பறம். இன்னொரு தபா போடு, நீயும் கேளு."

போட்டேன். ஆமாங்க, லேசாத் தூறுது.